விடியும்வரை வைக்கக் கூடாதது

எகிப்தின் தென்கோடியில், யேப் தீவுக் கோட்டைக் காவல் படையில் இருக்கும் என் மகன் ஏசேருக்கு, தெக்கோவா ஊரிலிருந்து உன் தகப்பன் பெதாயா எழுதுவது.

வானத்தின் கடவுள் உன் சுகத்தைக் காலையும் மாலையும் விசாரித்துக்கொண்டிருப்பாராக. உன் படைத்தலைவனின் கண்ணில் உனக்குத் தயவு கிடைக்கட்டும். நீயும் உன் வீட்டாரும் நலமாயிருங்கள். நானும் உன் அம்மா மாகாளும் உயிரோடிருக்கிறோம். முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

ஏசேர், இந்தக் கையெழுத்தைப் பார்த்து எவனோ குடித்துவிட்டு எழுதியிருக்கிறான் என்று நினைத்துவிடாதே. எழுதுவது நான்தான். எழுத்தர் யாரையும் உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதியதில்லை. என் கை, என் மை, என் விரலில் ஒட்டிய கறை. வரி மேலே ஏறி ஏறிப் போகிறது. வாழ்நாளெல்லாம் ஆடு மேய்த்தவன் எழுதினால் மேட்டுப் பக்கம்தான் போகும். ஒரு வரி முடிவதற்குள் தோள் கடுக்கிறது. ஆனாலும் முடிந்த வரியைத் திரும்பப் பார்க்கும்போது, குட்டி ஈன்ற ஆட்டைப் பார்ப்பதுபோல் சந்தோஷமாயிருக்கிறது.

நம் வீட்டு எண்ணெய் ஜாடியின் கைப்பிடியில் ஒரு முத்திரை உண்டே, நினைவிருக்கிறதா? எத்தனை வருஷம் அதைப் பிடித்துத் தூக்கியிருப்பேன்! வெறும் கீறல் என்று நினைத்திருந்தேன். அது 'யெகூத்' என்று நம் நாட்டின் பெயராம். நாட்டின் பெயரையே கையில் பிடித்துக்கொண்டு, அது தெரியாமல் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். என் பெயரை எழுதக் கற்றதும் சுவரில் எழுதினேன், கதவில் எழுதினேன், ஆட்டுத்தொட்டியிலும் எழுதினேன். உன் அம்மா, தொட்டி யாருடையது என்று ஆட்டுக்குத் தெரியாதா என்று கேட்டாள்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவள் உன் மனைவி அக்சாள். அவள் தகப்பன் மிஸ்பாவில் அரசுக் கிடங்கில் எழுத்தராய் இருந்தவர் என்பது உனக்குத் தெரியும். அவள் உடைந்த பானையோட்டில் எழுதிக் காட்டுவாள், நான் கீழே எழுதுவேன், அவள் தலையை அசைத்துவிட்டு அழிப்பாள்.

சுற்றி வளைத்தால் தாள் தீர்ந்துவிடும். அதனால் கேட்க வேண்டியதை இப்போதே கேட்டுவிடுகிறேன். அக்சாளுக்குத் தள்ளுதற்சீட்டு எழுதி அனுப்பு. இவள் இனி என் மனைவி அல்ல, விரும்பியவனுக்கு வாழ்க்கைப்படலாம் என்று சில வார்த்தை, உன் பெயர், சாட்சிகளின் பெயர். அதற்காகத்தான் இந்தக் கடிதம். காரணத்தைக் கீழே எழுதுகிறேன். கோபப்பட்டாலும் கடைசிவரை படி, பிறரை வாசிக்கச் சொன்னாலும் கடைசிவரை கேள்.

வெளிச்சம் போகிறது. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

* * *

நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

நீ போன பிறகு வெகுகாலம் உன்னைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. நைல் நதிப் பக்கம் கலகம் என்றார்கள், கொள்ளைநோய் என்றார்கள். உன் அம்மா நேர்ச்சை செய்துகொண்டாள். என் மகன் உயிரோடிருக்கிறான் என்று காதால் கேட்டால், எருசலேமில் சமாதானப் பலி செலுத்துவேன் என்று. போன குளிர்காலத்தில் வாசனைப் பண்டம் ஏற்றிவந்த ஒட்டகக்காரன் ஒருவன் கிணற்றடியில் உன் பெயரைச் சொன்னான். உன்னை நேரில் பார்த்தானாம். உனக்கு அங்கே வீடு இருக்கிறது, எகிப்துக்காரி ஒருத்தி மனைவியாக இருக்கிறாள், ஒரு குழந்தையும் இருக்கிறது என்றான். உன் அம்மா முதல் செய்தியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு தரையில் விழுந்து கர்த்தரைத் தொழுதாள். மற்றதையும் சேர்த்துக் கேட்டவள் அக்சாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

நம் ஊர் மூப்பர்களின் கணக்கு உனக்குத் தெரியாததல்ல. நீ இறந்திருந்தால் அவள் விதவை. யாராவது ஒருவர் கைப்பிடித்திருப்பார்கள். நீ உயிரோடிருப்பதால் அவள் உன் மனைவி. நீ இருக்கும் ஊரில் பெண்ணே சபையில் எழுந்து நின்று, இந்தப் புருஷன் எனக்கு வேண்டாம் என்று சொல்லலாமாமே, ஒட்டகக்காரன் சொன்னான். இங்கே அந்த வழக்கம் இல்லை. புருஷன் எழுதித் தந்தால்தான் உண்டு.

அறுவடை முடிந்ததும் நேர்ச்சையைச் செலுத்த மூவரும் எருசலேமுக்குப் போனோம். பலிக்குக் கொண்டுபோன பெண்ணாடு அக்சாள் வளர்த்தது. தாயில்லாத குட்டி. துணியைப் பாலில் நனைத்து ஊட்டி வளர்த்தாள். பழுதில்லாத ஆடு நம் மந்தையில் அது ஒன்றுதான். கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே கயிற்றை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வழியெல்லாம் உன் அம்மா பாடிக்கொண்டு வந்தாள். நான் கல் கண்ட இடமெல்லாம் உட்கார்ந்தேன். அக்சாள் பாடவும் இல்லை, உட்காரவும் இல்லை.

நேர்ச்சைப் பலி என்றால் இறைச்சியை அன்றைக்கும் மறுநாளும் சாப்பிடலாம். மறுநாள் என் தங்கை வீட்டார் பெத்லெகேமிலிருந்து வந்துவிடுவார்கள், அவர்களோடு இரண்டு நாளும் நிதானமாய்ச் சாப்பிடலாம் என்று ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைக் கெடுத்தது என் படிப்பு.

ஆலய வாசலில் ஒரு கல்தொட்டி இருந்தது. அதன் விளிம்பில் எழுத்து. எழுத்தைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்குக் கால் நகராது. ஒவ்வொரு எழுத்தாய்க் கூட்டினேன். 'குர்பான்'. காணிக்கை என்று வாயால் எத்தனையோ முறை சொன்ன சொல். எழுத்தாய்ப் பார்த்தபோதுதான் அதற்குள் வேறொரு சொல் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கிட்டே வருவது, கிட்டே கொண்டுவருவது. அவ்வளவுதான் அதன் பொருள். கொல்லுவது அதில் இல்லை, எரிப்பதும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "நன்றி ஆண்டவரே, நன்றி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அதே நேரத்தில் வாசல் ஆசாரியர் என்னைப் பார்த்து, என்ன பலி என்று கேட்டிருக்கிறார். அது என் காதில் விழவில்லை. என் பதில் மட்டும் அவர் காதில் விழுந்துவிட்டது. நன்றிப் பலி என்று உரக்கச் சொல்லி உள்ளே அனுப்பச் சொன்னார்.

உன் அம்மா ஓடிப்போய், நாங்கள் கொண்டுவந்தது நேர்ச்சை, இந்த மனுஷனுக்கு எழுத்துப் பைத்தியம் என்று சண்டை போட்டாள். அந்த ஆசாரியர் விடியற்காலையிலிருந்து நின்றுகொண்டிருப்பவர். அங்கி நனைந்து காலில் ஒட்டியிருந்தது. கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"அம்மா, வாசல்ல நின்னு வாயால சொல்லியாச்சு. இனி அது நன்றிப் பலிதான். போய் ரொட்டி கொண்டாங்க. புளிச்ச மாவுலயும் வேணும், புளிக்காத மாவுலயும் வேணும். விடியறதுக்குள்ள இறைச்சி தீரணும். ஒரு துண்டு மிச்சம் இருந்தாலும் என்கிட்ட வந்து அழாதீங்க."

உன் அம்மா என்னைப் பார்த்தாள். "படிக்காம இருந்தப்போ நல்ல மனுஷனா இருந்தீரு" என்றாள்.

ரொட்டிக்காரர் தெருவுக்கு ஓடியவள் அக்சாள். நாங்கள் காத்திருந்தோம்.

* * *

அக்சாள் திரும்பி வந்தபோது கூடவே ஒருவர் கூடையைச் சுமந்து வந்தார். பெயர் யாசூப். ரொட்டி சுடுகிறவர், மனைவியை இழந்தவர். முழங்கை வரை அடுப்புச் சூட்டுத் தழும்பு. தாடியில் மாவு. ரொட்டிக்கு என்ன தரவேண்டும் என்று கேட்டதற்கு, தனியாய்ச் சாப்பிட்டு அலுத்துவிட்டது, உங்கள் பந்தியில் ஓர் இடம் போதும் என்றார். விடிவதற்குள் ஒரு முழு ஆட்டைத் தின்று தீர்க்கவேண்டிய எங்களுக்கு அது கசக்குமா?

ஆட்டின் தலையில் கை வைத்தேன். அது அக்சாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கைவைக்கும்போது எதற்காக என்று சொல்லவேண்டும். "என் மகன் ஏசேர் உயிரோடிருப்பதற்காக" என்று சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பினால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்கிறாள். அவள் வளர்த்த ஆட்டை, அவளைக் கட்டிப்போட்ட செய்திக்காக நான் நன்றி சொல்லி அறுக்கப்போகிறேன். அதற்குமுன் எனக்கு அது உறைக்கவே இல்லை, ஏசேர். ஆனால் நான் சொன்னதும் பொய்யில்லை. நீ உயிரோடிருப்பதற்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன். அவள் கயிற்றை விட்டுவிட்டு, தலைமுக்காட்டை இழுத்துக்கொண்டாள். நான் அறுத்தேன். பழகிய கைதான், அன்றைக்குக் கனத்தது.

கொழுப்பையும் கொழுத்த வாலையும் பலிபீடத்தில் எரித்தார்கள். நெஞ்சுக்கறியும் வலது தொடையும் ஆசாரியருக்கு, ரொட்டியில் வகைக்கு ஒன்று வீதம் அவருக்கு. மற்றதெல்லாம் எங்களிடம் வந்துவிட்டது. முழுதும் எரிக்கிற பலியில் செலுத்துகிறவனுக்குப் புகை மட்டும்தான். பாவத்துக்கான பலியில் அவனுக்கு மன்னிப்பு உண்டு, சாப்பாடு இல்லை. நேர்ச்சையோ நன்றியோ, சமாதானப் பலியில் மட்டும்தான் கர்த்தர், ஆசாரியர், நாம், நம்மோடு உட்காருகிறவன் எல்லாருக்கும் ஒரே ஆட்டிலிருந்து பங்கு. இத்தனை வருஷம் எத்தனையோ ஆட்டை அறுத்திருக்கிறேன். ஏன் இதற்குச் சமாதானம் என்று பெயர் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

நாங்கள் தங்கியது மதிலோரம் பாதி இடிந்த ஒரு வீட்டின் முற்றத்தில். பானையில் வேகவைத்தோம். அக்கம்பக்கத்தில் தீட்டில்லாதவர்கள் யார் யார் என்று விசாரித்துக் கூப்பிட்டோம். மதில் பழுதுபார்க்கிற கல்தச்சர்கள் வந்தார்கள். பக்கத்து வீட்டு விதவை தன் பிள்ளைகளோடு வந்தாள். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் நீ உயிரோடிருப்பதற்காக மென்றார்கள். யாசூப் மட்டும் குறைபட்டார்.

"வால் கொழுப்ப அப்படியே அவருக்குக் குடுத்துட்டீங்களே பெரியவரே. ருசி தெரிஞ்ச கடவுள்தான்."

அக்சாள் சிரித்தாள். பெரிய சிரிப்பில்லை. ஆனால் உன் அம்மா சட்டென்று நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு அது புதிது.

வெளிச்சம் மங்கும் நேரம் பானை காலியானது. கல்தச்சர்கள் வாழ்த்திவிட்டுப் போனார்கள். பாத்திரம் எடுக்க வந்த அக்சாள், உன் அம்மாவின் மடிக்கருகே ஒரு துணி முடிச்சைக் கண்டாள். உள்ளே விலாக்கறி, நல்ல துண்டு. அது உன் பங்கு. நீ போன நாளிலிருந்து ஒவ்வொரு பண்டிகையிலும் உன் அம்மா உனக்கு ஒரு பங்கு எடுத்து வைக்கிறாள். மறுநாள் வழிப்போக்கன் யாருக்காவது கொடுத்துவிடுவாள். அன்றைக்கும் கை தானாகவே எடுத்து வைத்திருக்கிறது.

அக்சாள் அது கூடாது என்றாள். ஒரு துண்டுதானே, நாளைக்குப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றாள் உன் அம்மா. நாளைக்கு அது அருவருப்பு, நெருப்பில்தான் போடவேண்டும் என்றாள் அக்சாள். உன் அம்மா முடிச்சை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டு, என் மகனுடைய பங்கு என்றாள். அக்சாள் அவளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அத்தே, ஒரு ராத்திரி தாண்டின கறியே ஆகாதுங்கறாங்க. என்னை எத்தனை வருஷமா எடுத்து வெச்சிருக்கீங்க?"

யாசூப் வெறும் கூடையை எதற்கோ திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். உன் அம்மா வெகுநேரம் துணியைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்து, கறியை அக்சாளின் கையில் வைத்தாள்.

"சாப்பிடு" என்றாள். "நீ காலையிலேருந்து ஒண்ணுமே திங்கல."

அக்சாள் சாப்பிட்டாள். எலும்பு வெளுக்கும்வரை சாப்பிட்டாள். உன் பங்கை அவள் தின்றாள் என்று நான் எழுதுவதற்காக நீ வருத்தப்படாதே. நீ தின்ன முடியாததை யாராவது தின்னத்தான் வேண்டியிருந்தது.

* * *

இரண்டு நாளாய் எழுதவில்லை. மை தீர்ந்துவிட்டது. புகைக்கரி சுரண்டிப் பிசின் சேர்த்துக் காய்ச்சினேன். இந்த மை கொஞ்சம் வெளிறித் தெரியும், பொறுத்துக்கொள்.

திராட்சை பழுக்கும் முன்பு யாசூப் நம் ஊருக்கு வந்தார். கோதுமை விசாரிக்க வந்ததாகச் சொன்னார். தெக்கோவாவில் கோதுமை எங்கே இருக்கிறது? கல்லும் ஆடும்தான் இருக்கிறது. கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார், கழுதையைப் பற்றிப் பேசினார். பிறகு, உன் புருஷன் வருவானா என்று அந்தப் பெண்ணிடம் கேட்க எனக்கு உரிமையில்லை, அதனால் உங்களைக் கேட்கிறேன் என்றார். நான் தண்ணீர்க் குடத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"நான் காத்திருக்கத் தெரிஞ்சவன் பெரியவரே. மாவு பொங்கறதுக்குத் தினமும் காத்திருக்கறேன். எதுக்காகக் காத்திருக்கேன்னு மட்டும் தெரியணும்."

சாப்பிடச் சொன்னேன், அவர் சாப்பிடவில்லை. கொண்டுவந்த ரொட்டியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அக்சாளை நான் வற்புறுத்தவில்லை. உன் மனதில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

"அலுத்துப்போச்சு மாமா" என்றாள். "அவரோட போனா சந்தோஷமா இருப்பேனான்னு தெரியல. ஆனா ஊர்ல என்னைக் காத்திருக்கறவன்னு சொல்றாங்களே, அந்தப் பேரு போகும்."

உன்னைப் பற்றி அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாயிருந்திருக்கும்.

உன் அம்மாவுக்கு இந்தக் கடிதத்தில் முழுச் சம்மதம் இல்லை. அந்தச் சீட்டு வந்துவிட்டால் அவனுக்கு இங்கே திரும்பி வர என்ன இருக்கிறது என்று கேட்கிறாள். நாம் இருக்கிறோமே என்றேன். நம்மைப் பார்க்க வருகிறவன் இதற்குள் வந்திருப்பான் என்று சொல்லிவிட்டு, அவள் சொன்னதை அவளே தாங்கமாட்டாமல் ஆட்டுப்பட்டிப் பக்கம் போய்விட்டாள். அக்சாள் போய்விட்டால் வீட்டில் நாங்கள் இருவர்தான். தண்ணீர் எடுக்கவும் மாவரைக்கவும் ஆளில்லை. அதை நான் யோசிக்கவில்லை என்று நினைக்காதே. தினமும் யோசிக்கிறேன். யோசித்துத்தான் எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேலே தள்ளுதற்சீட்டு என்று எழுதியிருக்கிறேனே, அந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்று அப்போது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பானையோட்டில் பலவிதமாய் எழுதிப் பார்த்தேன், ஒன்றும் சரியில்லை. வேறு வழியில்லாமல் அக்சாளிடமே கேட்டேன். அவள் திரிகையில் மாவரைத்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை, கல்லையும் நிறுத்தவில்லை. முதல் எழுத்து காஃப் என்றாள். ஒரு சுற்று. ரேஷ் என்றாள். ஒரு சுற்று. அப்படியே கடைசி எழுத்துவரை சொன்னாள். நான் எழுதி முடித்ததும் பானையோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். மற்ற நாட்களில் பார்த்ததும் அழித்துவிடுவாள். அதை அழிக்கவில்லை. "சரியா இருக்கு மாமா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

தாள் முடியப் போகிறது. உன்னை வா என்று கூப்பிட்டு இந்தக் கடிதத்தை எழுதவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் போகிறவர்களிடமெல்லாம் சொல்லியனுப்பிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குக் களைத்துவிட்டது, அது உன் காதில் விழுந்திருந்தால் கேட்டுக் கேட்டு உனக்கும் களைத்திருக்கும். உன்னிடம் எனக்குக் கோபம் இல்லை. அங்கே நீ கட்டியவள் நல்லவளாயிருந்தால் அவளிடம் நல்லபடியாய் இரு. அவளை எங்கேயும் காத்திருக்க வைக்காதே. படைக்குப் போனால் எப்போது திரும்புவாய் என்று சொல்லிவிட்டுப் போ.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற ஒட்டகக்காரன், அங்கே வந்துசேர்ந்த பிறகு வருகிற பௌர்ணமிவரை தங்குவான். அவன் கையிலேயே சீட்டைக் கொடுத்து அனுப்பு. எழுத்தர் எழுதினாலும் பரவாயில்லை, பெயரை மட்டும் நீ போடு. உனக்கு எழுதத் தெரியாவிட்டால் வெட்கப்படாதே. இந்த வயதில் எனக்கே வந்துவிட்டது, உனக்கு வராதா.

ஆபிரகாமின் கடவுள் உன் வாசலுக்கு உள்ளே வருகிறவர்களையும் வெளியே போகிறவர்களையும் காப்பாராக. நதித் தண்ணீர் உனக்குத் தீங்கு செய்யாதிருக்கட்டும். உன் அடுப்பு அணையாதிருக்கட்டும்.

கடைசியாய் ஒன்று. கேட்கச் சொன்னது உன் அம்மா. பட்டியிலிருந்து திரும்பி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். குழந்தை ஆணா பெண்ணா என்று ஒட்டகக்காரனுக்குத் தெரியவில்லையாம், பெயரும் தெரியவில்லையாம். சீட்டோடு சேர்த்து அந்தப் பெயரையும் எழுதி அனுப்பு, ஏசேர். எகிப்துப் பெயராயிருந்தாலும் பரவாயில்லை. எத்தனை நீளமாயிருந்தாலும் எழுதப் பழகிக்கொள்கிறேன்.

உன் தகப்பன்,
பெதாயா